பாத்தி வரம்பு

மூன்று நாளாய்ச் சோளகம்.
கனகராயன்குளத்துப் புழுதி முழுக்க
எங்கள் குசினிக்குள்தான் குடியிருக்கிறது.
சசிரேகா விடியவே ஆலை பஸ்ஸில் போய்விட்டாள்,
பகல் முழுக்க யாரோ ஒருவருடைய காற்சட்டைக்குப்
பொக்கற் தைக்க.

எனக்கு வேலை, குடிக்காமல் இருப்பது.
இன்று நாற்பத்தோராம் நாள்.
முப்பத்தொன்றில் அந்தியேட்டி செய்திருக்கலாம்,
செத்தது ஆரென்றுதான் சரியாய்த் தெரியவில்லை.

பின்னேரம் நாலுமணி பொல்லாதது.
கால் தானாய்ச் சந்திப் பக்கம் திரும்பும்.
அந்த நேரம் கைக்கு ஏதாவது குடுங்கோ அண்ணை என்று
வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை சொன்னவள்.
குடுத்தேன்:
வேலியோரச் செவ்வரத்தை, ஒற்றைப் பூ, பன்னிரண்டு.

பச்சைக் காம்பைக் கிள்ளி
நடுத்தண்டை உருவி
எறும்பை ஊதி.
கிணற்றுத்தண்ணி கேத்திலில் சுண்ணாம்பு கட்டும்,
ஆகவே கான் தண்ணி, லீற்றர் கணக்குக் காசு.
கொதித்ததை ஊற்ற
இதழெல்லாம் நனைந்த கடுதாசியாய் வெளிறித்
தண்ணி மட்டும்
நாவற்பழம் தின்ற வாய்போல் ஆனது.
பழுதாக்கிப்போட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு தேசிக்காய்.
கை நடுங்கினது. பிழிவதற்கு
நடுக்கம் நல்லது, சாறு கூட வரும்.
ஒரு துளி விழ,
கறுத்துக்கிடந்தது சடக்கென்று சிவந்தது.
யன்னலில் தொங்கிக்கொண்டு நின்ற
பக்கத்து வீட்டுக் கபிஷன் கத்தினான்:
"மாமா, இன்னொருக்கால்!"
ஒரு கோப்பையில் பிரித்தெடுத்துக் காட்டினேன்.
இன்னொருக்கால்.
அவனுக்காக நாலு தேசிக்காய் போனது.
எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து நக்கிப் பார்க்கக்
காது வரைக்கும் கூசியது.
சீனி. இன்னும் சீனி. ஒரு விரல்நுனி உப்பு.
தோடம்பழத் தோலில் கொஞ்சம் சுரண்டி, வாசத்துக்கு.

விட்டுவைக்கப் போத்தல் இல்லை.
இருந்த ஒன்றை அவள் வேலைக்குக் கொண்டுபோய்விட்டாள்.
நான் குடித்து முடித்ததெல்லாம்
அந்தச் செவ்வரத்தையைச் சுற்றித்தான் நிற்கிறது,
கழுத்து மண்ணுக்குள், பாத்தி வரம்பாய்.
ஒன்றைப் பிடுங்கினேன்.
மண் தட்டிச் சாம்பல் போட்டுச் சுடுதண்ணி அலசி
மணந்து பார்த்தேன். இல்லை.
திரும்ப மணந்தேன். இல்லை.
மூன்றாம் தரம் ஏன் மணந்தேன் என்று
நீங்கள் கேட்கக்கூடாது.

ஏழுமணிக்கு வந்தவள்
செருப்பைக் கழற்ற முதல் பிறிச்சைத் திறந்தாள்.
திறந்தபடி நின்றாள்.
அந்தச் சின்ன வெளிச்சத்தில்
அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது,
அதில் ஒட்டியிருந்த நீலநூல் ஒன்றும்.
சொல்லியிருக்கலாம், ஒரு சொல்தான்.
பொய்க்குப் பழகின வாய்,
உண்மைக்கு நேரமெடுக்கிறது.

மூடியைத் திருகினாள்.
மணந்தாள். திரும்ப மணந்தாள்.
என்னைப்போலவே மூன்றாம் தரமும்.
பிறகு அண்ணாந்தாள்,
நான் முந்திக் குடிக்கிற மாதிரியே,
நின்ற நிலையில், பாதிப் போத்தல்.

"என்ன புளியப்பா இது"
என்று கதவைக் காலால் சாத்தினாள்.
கொஞ்சம் பொறுத்து, முகம் கழுவி வந்து,
"நாளைக்கு பஸ்ஸிலை எங்களுக்கு ஆறு பேருக்கு.
இந்தப் போத்தலிலை வேண்டாம்,
சுப்பவைசர் கண்டால் வேலை போயிடும்."

விடியமுதல் டோர்ச் அடித்து மொட்டு எண்ணினேன்.
ஒன்பது.
கபிஷன் வீட்டு வேலியில் நிறைய நிற்கிறது,
ஆனால் அது அடுக்குப் பூ,
சாயம் எப்படி இறங்குமோ.

போத்தல் பிடுங்கின இடம் பொந்தாய்க் கிடந்தது.
ஊற்றின தண்ணியெல்லாம்
அதாலே ஓடியது.
கல்லொன்று தேடி அடைத்தேன்.